இரண்டு முறை வரும் பக்கம்

அத்தியாயம் ஒன்பது

கையில் இருந்த டோக்கன் எண்பத்தொன்று. கூப்பிட்டுக்கொண்டிருந்தது அறுபத்தாறு. ஆஸ்பத்திரி மருந்தகத்தின் நீளப் பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கு என்ன நோய் இருப்பதாகச் சொல்லலாம் என்று வாயாடி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சார், உங்களுக்குத் தலைவலி. எனக்கு உங்களால தலைவலி. ஒரு மாத்திரை வாங்கி ஆளுக்குப் பாதியா போட்டுக்கலாம்."

பக்கத்தில் இருந்த பைண்டர் சிரிக்கவில்லை. அவர் எதற்குத்தான் சிரித்திருக்கிறார்? இருபத்திரண்டு வருஷம் அச்சகத்தில் புத்தகம் தைத்த மனுஷன். அச்சகத்தை மூடியதும் துப்பறிய வந்துவிட்டார். தொழில் மாறியும் பட்டப்பெயர் மாறவில்லை. வாயாடி என்ற பெயர் அவர் இவளுக்கு வைத்தது. ஆறு வருஷமாக அவரிடம் உதவியாளர் வேலை பார்க்கிறாள். பொய் சொல்வானேன், பட்டம் பொருத்தமாகத்தான் இருந்தது.

"நாலாவது ஜன்னலை மட்டும் பாரு," என்றார் பைண்டர்.

நாலாவது ஜன்னலில் திரை இறங்கியிருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து ஆள் வந்ததும் திரை ஏறும். ஏறினால் காணாமல் போன பெண் அங்கே உட்கார்ந்திருப்பாள் என்பது இவர்கள் கணக்கு.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இவர்களுடைய ஆபீசுக்கு வந்தார். கிரீஸ் படிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். அவருடைய ஒரே மகள் வீட்டைவிட்டுப் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. கல்லூரியைப் பாதியில் நிறுத்திவிட்டு எப்போது பார்த்தாலும் விண்கல, டிராகன் கதைகளாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் இவர் அந்தப் புத்தகங்களை எல்லாம் மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் பெண் இல்லை. "திரும்பி வரணும்னு கேக்கல சார். உயிரோட இருக்காளான்னு தெரிஞ்சா போதும்," என்றார். அழவில்லை. அழுது முடித்த முகமாகவும் இல்லை. வாயாடிக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

மகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். இணையத்தில் அந்த மாதிரிக் கதைகளைப் பேசும் ஒரு வாசகர் வட்டத்தில் அவள் இருந்தாள் என்பது ஒன்று. ஒரு புத்தகத்தில் ஒரே பக்கங்கள் இரண்டு தடவை வருகின்றன என்று சொல்லிச் சொல்லி ஒருநாள் முழுக்க வீட்டில் சிரித்தாள் என்பது இன்னொன்று. "அந்தப் புத்தகம் மூட்டையில இல்ல. கையோட எடுத்துட்டுப் போயிட்டா போல," என்று சொல்லி, மகளும் மனைவியும் சேர்ந்து நிற்கும் போட்டோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பைண்டரும் வாயாடியும் அந்த வட்டத்தில் சேர்ந்தார்கள். அங்கே இரண்டு சட்டம் உண்டு. வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று குறிப்பார்கள், அதற்கு மேல் நடப்பதைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது. அப்புறம், சொந்த விஷயம் பேசக்கூடாது. ஊர், பேர், வேலை எதுவும் கிடையாது, கதை மட்டும்தான். எல்லாருக்கும் புனைபெயர். மகளின் பழைய புனைபெயரில் பதினாலு மாதமாக ஒரு வரி இல்லை.

ஆனால் எட்டு மாதத்துக்கு முன்னால் 'பனிக்கரடி' என்று ஒரு புது ஆள் வந்திருந்தார். வட்டம் அப்போது 'முந்நூறு வருஷத் தூக்கம்' என்ற நாவலைப் படித்துக்கொண்டிருந்தது. ஒரு விண்கலம் முந்நூறு வருஷம் போகிறது. உள்ளே எல்லாரும் பனிப்பெட்டிக்குள் உறங்குகிறார்கள். ஒவ்வொருவராக எழுந்து ஒரு வருஷம் காவல் பார்த்துவிட்டு மறுபடி தூங்கவேண்டும். பனிக்கரடி எழுதினார்: "காவல்காரி கண் விழிப்பது, கால் மரத்துக் கிடப்பது, பெட்டி வரைக்கும் போய்க் கையை நீட்டுவது எல்லாம் அப்படியே இன்னொரு தடவை முதலிலிருந்து வருகிறதே, அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது."

மற்றவர்களின் பிரதியில் அது ஒரு தடவைதான் வந்திருக்கும். வந்ததா என்று ஒருத்தராவது புரட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள அந்தக் கூட்டத்தில் யாருக்கு மனசு வரும்? காலம் வட்டமடிக்கிறது என்றார் 'கேப்டன்' என்பவர். நானும் கவனித்தேன், ஆனால் வேண்டுமென்றே சொல்லவில்லை என்றார் இன்னொருவர். டிராகன் டாக்டர் என்பவர் காலச்சுழலைப் பற்றி ஒன்பது பத்தியில் கட்டுரையே எழுதித் தள்ளிவிட்டார்.

அதைப் படித்த அன்றைக்குப் பைண்டர் மேஜையைத் தட்டினார். "காலமும் சுத்தல, ஒண்ணும் சுத்தல. பைண்டிங் தப்பு. புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமா அடிச்சு மடிச்சு அடுக்குவோம். அந்தப் பதினாறுக்கு ஒரு ஃபாரம்னு பேரு. அடுக்குறவன் தூங்கிட்டான்னா ஒரே ஃபாரம் ரெண்டு தடவை விழும், அடுத்தது விழாம போயிடும்."

"இந்த ஒன்பது பத்தி?"

"தூங்கினவனுக்குக் காணிக்கை."

ஒரே பக்கங்கள் இரண்டு தடவை வரும் புத்தகம் மகளிடம் இருந்தது. பனிக்கரடியிடமும் அதே மாதிரிப் புத்தகம் இருக்கிறது. ஆக, பனிக்கரடிதான் மகள் என்று முடிவானது. ஒருமுறை பனிக்கரடி தனக்குப் பிடித்த ஒரு வரியைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். புத்தகத்துக்கு அடியில் மாத்திரை போட்டுத் தரும் காகித உறைகள் பிரிக்காத கட்டாக நீட்டிக்கொண்டிருந்தன; நோயாளியிடம் ஓர் உறைதான் இருக்கும், கட்டு இருப்பது மருந்து கொடுக்கிறவரிடம். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா, ஓரத்தில் பாதி முத்திரை, 'ஜன்னல் 4'. அந்த முத்திரையைத் தேடித்தான் இந்தப் பெஞ்சு வரைக்கும் வந்திருந்தார்கள்.

திரை ஏறியது.

வாயாடி போட்டோவை எடுத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி போட்டோவைப் பார்த்தாள். "சார், ஒண்ணு இந்தப் பொண்ணுக்குப் பதினாலு மாசத்துல முப்பது வயசு ஏறியிருக்கணும்..."

"இல்லன்னா?"

"நாம போட்டோல தப்பான ஆளைப் பார்த்துட்டிருந்தோம்."

ஜன்னலில் உட்கார்ந்திருந்தது மகள் இல்லை. போட்டோவில் மகள் தோளில் கை போட்டு நின்ற அம்மா. லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி; அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று இவர்கள் கேட்கவே இல்லை. கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு உறைகளை எண்ணி அடுக்கினார். உறைக்கட்டுக்கு அடியில் ஒரு தடித்த புத்தகத்தின் முதுகு தெரிந்தது.

வாயாடிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மூன்று வாரம் டிராகனோடு குடும்பம் நடத்தியது இதற்குத்தானா? "பொண்ணைத் தேடி வந்து அவரோட பொண்டாட்டியைக் கண்டுபிடிச்சிருக்கோம். அவங்க காணாமலே போகலையே சார். தினம் சாயங்காலம் வீட்டுக்குத்தானே போறாங்க."

பைண்டர் எழுந்து நடந்தார். டோக்கன் முறை வரவில்லை என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

அந்த அம்மாள் இவர்களை மருந்துப் பெட்டிகள் அடுக்கிய பின்னறைக்குக் கூட்டிப்போனார். யார் நீங்கள் என்று கேட்டார். சொன்னார்கள். யார் அனுப்பினது என்று கேட்டார். அதையும் சொன்னார்கள். கோபப்படுவார் என்று வாயாடி நினைத்தாள். அவர் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

"அவரு உங்ககிட்ட வந்தாரா?" என்றார். "என்கிட்ட சொல்லல. நாங்க பேசிக்கிறதே இல்ல. பால் வாங்கியாச்சா, சாவி எங்க, அவ்வளவுதான்."

"இந்தப் புத்தகம் உங்க கைக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார் பைண்டர்.

"மூட்டை கட்டுறப்ப இது மேலாப்புல இருந்துச்சு. எடுத்துத் தையல் மெஷின் டிராயர்ல போட்டேன். ஏன் எடுத்தேன்னு தெரியல. இத வச்சுதான் அன்னைக்கு அவ அவ்வளவு சிரிச்சா." புத்தகத்தை மடியில் திருப்பி வைத்தார். "நான் கதைப் புத்தகம் படிச்ச ஆளு இல்லம்மா. அவ போன பிறகு ராத்திரி தூக்கமும் வரல, அழுகையும் வரல. கை கால் எல்லாம் இருக்கு, ஆனா யாரோடதோ மாதிரி இருக்கு. சும்மா இருக்க முடியாம இதைப் பிரிச்சேன். அப்புறம் அவ பேசிட்டிருந்த வட்டத்துலயும் போய்ச் சேர்ந்தேன்."

"பக்கம் திரும்பத் திரும்ப வர்றது உங்களுக்கு விநோதமா படலையா?" என்றாள் வாயாடி.

"இந்த மாதிரிக் கதை எல்லாம் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

வாயாடிக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. அந்த அறையில் சிரிப்பும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. டிராகன் டாக்டரின் ஒன்பது பத்தியைப் பற்றித் தயாராக வைத்திருந்த கிண்டலை அப்படியே விழுங்கினாள். "சரி சார், போகலாம். பொண்ணு கிடைக்கல," என்றாள்.

பைண்டர் நகரவில்லை. "புத்தகத்தைக் கொஞ்சம் தர்றீங்களா?"

வாங்கி முதுகைத் தடவினார். நடுவில் பிரித்தார். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம், அடுத்தது மறுபடி தொண்ணூற்றேழு. இன்னொரு நூற்றுப்பன்னிரண்டு வரும்வரை தள்ளினார். அதன் கடைசி வரியில் விரலை வைத்து வாசித்தார். "'அவள் கையை நீட்டி, மகள் உறங்கும் பெட்டியின் மேல்'. இதோட நிக்குது. எதிர்ப்பக்கம் நூத்து இருபத்தொன்பது. 'என்று எழுதிவிட்டு விளக்கை அணைத்தாள்'னு ஆரம்பிக்குது. நடுவுல பதினாறு பக்கம் இல்ல."

"தெரியும்," என்றார் அந்த அம்மாள். "பிறகு தெரிஞ்சுகிட்டேன்."

பைண்டர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வாசகர் வட்டத்தில் யார் என்ன எழுதினாலும் அச்செடுத்து வைத்துக்கொள்வது அவர் பழக்கம். பேப்பருக்குப் பிடித்த கேடு என்று வாயாடி தினம் திட்டுவாள். "காலச்சுழல்னு எல்லாரும் கூத்தடிச்சப்ப, 'ஆறாம் விரல்'னு ஒரு ஆளு மட்டும் அந்தக் கச்சேரியில சேரல. நாலு நாள் கழிச்சு உங்களுக்கு ஒரு நீளப் பதில் போட்டாங்க. முன்னுரை இல்ல, வணக்கம் இல்ல. வாயாடி, முதல் வரியைப் படி."

வாயாடி படித்தாள். "'படிந்திருந்த பனியைத் துடைக்கிறாள். திறக்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறாள்.'"

"கடைசி வரி?"

"'காவல் குறிப்பில் அவள் எழுதியது ஒரே வரி: எனக்குக் குளிரவில்லை.'"

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டியின் மேல், படிந்திருந்த பனியைத் துடைக்கிறாள். எனக்குக் குளிரவில்லை, என்று எழுதிவிட்டு விளக்கை அணைத்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தைத்தாற்போல் பொருந்தின.

"உங்க புத்தகம் எந்த வார்த்தையில நிக்குது, எந்த வார்த்தையில மறுபடி ஆரம்பிக்குதுன்னு நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார் பைண்டர்.

"இல்ல. எனக்கே அப்பத் தெரியாதே. கதை அப்படித்தான்னு இருந்தேன்."

"பக்கம் காணோம்னு உங்களுக்கே தெரியல. அத்தனை பேர் இருக்கிற வட்டத்துலயும் தெரியல. ஆனா ஒரு ஆளு அந்தப் பதினாறு பக்கத்தை மட்டும், முன்னாடியும் போகாம பின்னாடியும் போகாம, சரியா அந்த ஓட்டை அளவுக்கு எழுதிக் கொடுக்குறாங்க. அப்படி எழுத ஒண்ணு என்ன மாதிரி பைண்டரா இருக்கணும். இல்லன்னா இதே பிரதியை முன்னாடியே படிச்சிருக்கணும், பிறகு நல்ல பிரதி ஒண்ணையும் பார்த்திருக்கணும்."

அந்த அம்மாள் தலையைக் குனிந்தார். "அவ பைண்டர் இல்ல," என்றார்.

வெளியே எழுபத்தொன்பது என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டது. எட்டு மாதமாக அம்மாவும் மகளும் அந்த வட்டத்தில் வாராவாரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். விண்கலத்தைப் பற்றி, டிராகனுக்கு ஏன் நிழல் விழுவதில்லை என்பதைப் பற்றி, மூன்று சூரியன் இருக்கும் கிரகத்தில் துணி காயுமா என்பதைப் பற்றி. யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்வதில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள் வாயாடி. "எங்க இருக்கே, சாப்பிட்டியான்னு."

"கேட்டா போயிடுவா. அங்க சட்டமே அதானேம்மா. இந்த வாரப் பக்கம் எதுவோ அதுவரைக்கும்தான். மேல போகக்கூடாது." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "பனியத் துடைச்சா, திறக்கலன்னு அவதானே எழுதினா. நானும் திறக்கல."

"வீட்டுக்காரர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். அவர் பாவம், உயிரோட இருக்காளான்னு கேட்டு வந்தார்."

"நல்ல மனுஷன்தான். ஆனா ஒண்ணு பழுதுன்னு தெரிஞ்சா அவருக்குக் கை சும்மா இருக்காது. ஸ்பேனரை எடுத்துருவாரு. வீட்டுக்கு வா, மன்னிச்சுக்கோ, நான் ரூம் எல்லாம் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன்னு எழுதிருவாரு. அன்னைக்கோட அவ வேற பேருக்குப் போயிடுவா. அப்புறம் நான் எங்கன்னு தேடுவேன்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணில் ஒன்றும் இல்லை, கண்ணாடியில்தான் தூசி. "இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

பைண்டர் சரி என்றார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமல், பிரிந்து கிடந்த தையலையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதுக்கு நல்ல பிரதி ஒண்ணு கிடைக்கும். அந்த ஃபாரத்தை மட்டும் எடுத்து இதுல தச்சுத் தர்றேன். ரெண்டு நாள் வேலை. தச்ச இடமே தெரியாது."

துப்பறிய வந்த ஆறு வருஷத்தில் அவர் யாருக்கும் எதையும் சும்மா செய்து தருகிறேன் என்று சொல்லி வாயாடி கேட்டதில்லை.

அந்த அம்மாள் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். "வேண்டாம் சார். நீங்களும் அவரை மாதிரியே இருக்கீங்க. அந்தப் பதினாறு பக்கம் இல்லாததாலதான் அவ என்கிட்டப் பேசுனா. அது அப்படியே கிடக்கட்டும்."

எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, ஜன்னலுக்குப் போனார். இவர்கள் வெளியே வரும்போது, "எண்பத்தொன்று," என்று கூப்பிட்டது அவர் குரல்தான். வாயாடி டோக்கனைக் கசக்கிக் கூடையில் போட்டாள்.

லிஃப்ட் மெக்கானிக் அன்றைக்கு ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தில் வேலையாக இருந்தார். ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து, வாசலில் 'பழுது' என்று பலகை மாட்டி, பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிக்கயிற்றுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். கூரை, மாடித்தரையின் மட்டத்துக்கு நின்றிருந்தது. இவர்களைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

"இருக்கா," என்றார் பைண்டர். "நல்லா இருக்கா."

"சரி," என்றார் அவர்.

கீழே எங்கேயோ யாரோ லிஃப்ட் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

"எங்க?"

"அது எங்களுக்கும் தெரியாது. இனிமே தேடவும் மாட்டோம். நீங்களும் தேடாதீங்க. தேடினா இதுவும் போயிடும்."

"சரி." கந்தல்துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்த கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார். "மூட்டை கட்டுனது நான்தான்."

"தெரியும்," என்றார் பைண்டர்.

"அவ்வளவு சிரிச்சா அன்னைக்கு. அப்பா, இத பாருங்க, ஒரே பக்கம் ரெண்டு தடவை வருதுன்னு நீட்டுனா. நான் வேலைக்குக் கிளம்பிட்டிருந்தேன், பார்க்கல." கிரீஸ் டப்பாவின் மூடியைத் திருகி மூடினார். பிறகு வாயாடியை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அந்தப் புத்தகம் படிச்சீங்களாம்மா? அந்தப் பக்கத்துல என்ன இருந்துச்சு?"

எதற்கும் பதில் வைத்திருப்பவள் வாயாடி. இதற்கு அவளிடம் கிண்டல் இல்லை, ஆறுதலும் இல்லை. அந்தப் புத்தகப் பக்கத்தில் எழுதியிருந்தது எதுவோ அதுதான் இருந்தது. லிஃப்ட் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஒருத்தி பனிப்பெட்டிக்குள்ள ரொம்ப வருஷம் தூங்கி எழுந்துக்கிறா. அவளுக்கு முன்னாடி முழிச்சிருந்த ஆளு ஒரு சீட்டு எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. அதைப் படிக்கிறா. 'எழுந்த உடனே நடக்காதே. கால் இருக்கிறதே தெரியாது. இருக்கு. உட்காரு. கொஞ்ச நேரத்துல வலிக்க ஆரம்பிக்கும். வலிச்சா பயப்படாதே, அது திரும்பி வருதுன்னு அர்த்தம். வலிக்கிற வரைக்கும் உட்கார்ந்திரு.' இதான் அண்ணே."

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கீழே பட்டன் அழுத்துகிற ஆள் அலுத்துப்போய் விட்டுவிட்டார் போலிருக்கிறது, சத்தம் நின்றுவிட்டது.

"ரெண்டு தடவையும் அதேதானா?"

"அதேதான் அண்ணே. எழுத்துகூட மாறாது."

அவர் கூரைமேல் காலை நீட்டி, இரண்டு முழங்காலையும் கையால் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா," என்றார்.

வாயாடி பைண்டரைப் பார்த்தாள். அவர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.